கடைப்படி ஏறாத வயிறு

மே 27

இந்த டைரியை ஜனவரியில் மெடிக்கல் ரெப் கொடுத்தார். தடித்த அட்டை, சிவப்பு நாடா, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஏதாவது ஓர் ஆன்டிபயாட்டிக் மாத்திரையின் பெயர். இத்தனை நாள் கல்லாவுக்கு அடியில் கிடந்தது. எனக்கு இப்போது வயிற்றெரிச்சல், யாரிடமாவது கொட்ட வேண்டும். பரமேஸ்வரியிடம் சொன்னால் பதில் பேசுவாள். டைரி பேசாது.

மிருதுளாவை மறுபடியும் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தோம். ஒன்பது வயதுப் பிள்ளை, இந்த வருஷத்தில் இது மூன்றாவது தடவை. பிறவியிலேயே மூத்திரக் குழாயில் ஒரு கோளாறு, மூத்திரம் கிட்னிப் பக்கம் திரும்பி ஏறுகிறது. ஓர் ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும். ஆனால் தேதி குறிக்கும்போதெல்லாம் கிருமி ரத்தத்தில் கலந்து, உடம்பு அனலாகக் கொதித்து, ஆபரேஷன் தள்ளிப்போகிறது. அந்தக் கிருமி குடியிருப்பது அவள் குடலிலாம். அது அங்கிருந்து கிளம்பும்வரை கத்தி வைக்க முடியாது என்கிறார்கள்.

டாக்டர் ரிஸ்வானா பரிசோதனைத் தாளை என் பக்கம் திருப்பினார். வரிசையாக மருந்துகளின் பெயர். எதிரே ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்து.

"இதெல்லாம் அந்தக் கிருமிகிட்ட செல்லாது சார். ஒரே ஒரு ஊசி மட்டும் கேக்குது. அதுவும் எத்தனை நாளைக்குன்னு தெரியல."

இருபது வருஷமாகத் திருமங்கலத்தில் மெடிக்கல் ஷாப் நடத்துகிறவன் நான். அந்தத் தாளில் இருந்த மருந்துகளில் பாதிக்கு மேல் என் அலமாரியில் இருக்கிறது. ஒன்றுகூடச் செல்லாது என்று முகத்துக்கு நேரே சொன்னால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

"பாப்பாவுக்கு இதுவரை எத்தனை தடவை ஆன்டிபயாட்டிக் குடுத்திருப்பீங்க?" என்று கேட்டார்.

அவ்வளவாக இல்லை என்றேன். உண்மைதான். காய்ச்சல் வந்தால் கொடுப்பேன். காய்ச்சல் வருகிற மாதிரித் தெரிந்தால் கொடுப்பேன். பரீட்சை நேரத்தில் வந்துவிடக் கூடாதே என்று முன்கூட்டிக் கொடுப்பேன். மற்றபடி கிடையாது.

மே 28

கடையில் கூட்டம். வெயில் காலத்தில் செட் நன்றாகப் போகும். காய்ச்சல், சளி, பேதி, உடம்பு வலி, எது சொன்னாலும் சின்னக் காகிதக் கவரில் நாலு மாத்திரை போட்டு நீட்டுவேன். அதற்குத்தான் செட் என்று பெயர். டாக்டரிடம் போனால் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். என்னிடம் வண்டியை விட்டு இறங்கக்கூட வேண்டாம். 'ரத்தினவேல் செட்டு' என்றால் ஊரில் தனி மரியாதை. சொந்தக்காரர்களுக்கு இலவசம்.

ஜூன் 2

டாக்டர் கூப்பிட்டுவிட்டார். ஒரு புது வழி இருக்கிறதாம். அவர் சொல்லி முடித்ததும், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். சொன்னார். முதலில் கேட்டதேதான்.

ஆரோக்கியமான ஒருவரின் 'அதை' எடுத்து, உப்புத் தண்ணீரில் கலக்கி, வடிகட்டி, மிருதுளாவை மயக்கத்தில் வைத்துக் கீழ்வழியாகக் குழாய் விட்டுக் குடலில் செலுத்துவார்களாம். அதிலிருக்கும் நல்ல கிருமிகள் உள்ளே குடியேறினால் கெட்டது இடமில்லாமல் ஒழிந்துபோகும் என்பது கணக்கு.

"இது இன்னும் ஆராய்ச்சியாத்தான் நடக்குது. எங்க கமிட்டி அனுமதியோட செய்வோம். நிச்சயம் சரியாயிரும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கைல இருக்கிற வழிகள்ல இதுதான் நல்ல வழின்னு படுது" என்றார்.

எந்த மிக்சியில் அடிப்பீர்கள், அதில் வேறு ஏதாவது அடிப்பீர்களா என்று கேட்டேன். நியாயமான கேள்வி. டாக்டர் பரமேஸ்வரியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பரமேஸ்வரிதான், "பீயத்தான சொல்றீங்க டாக்டர்? பிள்ளை பொழைக்கும்னா யாரோடதா இருந்தா என்ன" என்றாள். பி.காம். படித்தவள். ஒரு பெரிய டாக்டர் முன்னால் அந்த வார்த்தை. நான் இந்த டைரியில் 'சரக்கு' என்றே எழுதப்போகிறேன். தொழிலில் பழகிய வார்த்தை.

கொடுப்பவர் சொந்தக்காரராக இருந்தால் வசதி என்றார் டாக்டர். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். ஒரு அண்ணன் என்றேன். பரமேஸ்வரி இருமினாள். அவளுக்குச் சளி பிடித்திருக்கிறது போல. வீட்டுக்கு வந்ததும் ஒரு செட் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஜூன் 4

கடை. தூறல். ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 7

அண்ணன் சங்கரலிங்கம் வீட்டில் கூட்டம். அண்ணன் எங்கள் ஆட்கள் சங்கத்துக்குத் தலைவர். குடும்பத்தில் எதுவாக இருந்தாலும் அவர் மீசையைத் தடவி முடித்த பிறகுதான் முடிவாகும். இன்று நெடுநேரம் தடவினார்.

"ரத்தம்னா சரிப்பா. பாட்டில்ல வருது, யாரு என்னன்னு தெரியாது, ஏத்திர்றாய்ங்க. இது அப்பிடியா? பிள்ளை வயித்துக்குள்ள போயிக் குடும்பம் நடத்தப்போகுதுங்கிற. கண்டவன் வீட்டுது வரலாமா? நம்மாளுக்குள்ளதான் பாக்கணும்."

சித்தப்பா மகன்கள், மச்சான்மார், சகலை என்று எல்லோரும் தலையாட்டினார்கள். முதலில் கூச்சப்பட்டவர்கள்தான். இது கௌரவம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று அண்ணன் எடுத்துச் சொன்ன பிறகு ஆளுக்கு ஆள் நான் தருகிறேன், நான் தருகிறேன் என்று கிளம்பிவிட்டார்கள். சகலை தினமும் வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடுகிறார். சித்தப்பா மகன் ஒருவன், என்னோடது ரொம்ப ஒழுங்கு, கடிகாரம் பார்க்க வேண்டாம் என்றான். அதைக் கேட்டு இன்னொருவன் முகம் சுண்டிப்போயிற்று.

கடைசியில் அண்ணன் தொண்டையைச் செருமினார். "மூத்தவன் நான் இருக்கையில மத்தவனெல்லாம் எதுக்கு? நம்ம வம்சத்துப் பிள்ளை. என்னோடதுதான் போகணும்."

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவளுக்கு வாரத்தில் நாலு நாள் அண்ணனுக்கு இஞ்சிக் கஷாயம் வைக்கிற வேலை. ஆனாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. குடும்பம் என்றால் இதுதான்.

ஜூன் 11

வேன் பிடித்து எல்லோரையும் மதுரைக்குக் கூட்டிப்போனேன். பெண்களையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார் டாக்டர், அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். அண்ணன் வெள்ளை வேட்டி, சங்கத்துத் துண்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள்.

டாக்டர் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். நானும் கூடவே நின்றேன். என்னையும் பரமேஸ்வரியையும் ஏற்கெனவே வேண்டாம் என்றுவிட்டார்கள். பரிசோதனை, ரத்தம் எல்லாம் பிறகுதானாம், முதலில் ஒரே கேள்வி.

"கடந்த ஆறு மாசத்துல ஆன்டிபயாட்டிக் மாத்திரை எதுவும் எடுத்தீங்களா?"

சகலை சிரித்தபடி என்னைக் கை காட்டினார். "நம்ம ரத்தினம் கடை இருக்கைல என்ன கவலை டாக்டர். மாசம் ஒரு செட்டு போட்டுருவேன்."

அடுத்தவனும் என்னைக் காட்டினான். அதற்கடுத்தவனும். கடிகாரம் பார்க்க வேண்டாதவன், அந்த ஒழுங்கே என் செட்டால்தான் வந்தது என்று சாட்சி சொன்னான்.

கடைசியாக அண்ணன். "எனக்குச் சீக்கெல்லாம் வராதும்மா. கல்யாண சீசன்ல பல வீட்ல சாப்புடணும்ல, அதனால சாப்பாட்டுக்கு முன்னாடியே ஒரு செட்டு உள்ள தள்ளிருவேன். தம்பி சொல்லிக் குடுத்தது."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். எதற்காக அப்படிப் பார்த்தார் என்று தெரியவில்லை. ஒருத்தரும் தேறவில்லை. திரும்பி வரும்போது வேனில் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். அண்ணன் மட்டும், "பொம்பளை டாக்டர், ஒண்ணும் தெரியல" என்றார்.

ஜூன் 14

மிருதுளாவுக்கு மறுபடி காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. அந்த ஒற்றை ஊசிதான் போகிறது. முன்பெல்லாம் மறுநாளே இறங்கும், இந்தத் தடவை இறங்கவில்லை.

நான் கொண்டுபோன பொம்மையைத் தள்ளி வைத்துவிட்டு, "அப்பா, நம்ம கடைல நல்ல மாத்திரையே இல்லையா?" என்று கேட்டாள். குழந்தை கேட்கிற கேள்விதான். வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. என் பிள்ளை செத்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

ஜூன் 17

காய்ச்சல் இறங்கிவிட்டது. அடுத்த தடவை இந்த ஊசி கேட்குமா என்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சீக்கிரம் ஆள் பாருங்கள் என்றார்.

ஊருக்குள் தேடினேன். சொந்தம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மானத்தை விட்டுக் கேட்போம் என்று கிளம்பினேன். அண்ணனுக்குச் சொல்லவில்லை. உரக்கடைக்காரர், பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், காய்கறி மண்டி முதலாளி, பக்கத்துத் தெருவில் யோகா சொல்லித் தருகிறவர். விஷயத்தைச் சொன்னதும் முதலில் முறைத்தார்கள், பிறகு பிள்ளைக்காக என்றதும் சம்மதித்தார்கள். ஊர் நல்ல ஊர்தான். ஆனால் மாத்திரை எடுத்தீர்களா என்று கேட்டால் அத்தனை பேரும் நன்றியோடு என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். யோகாக்காரர் மாசம் இரண்டு செட்.

இருபது வருஷம் இந்த ஊரைக் காப்பாற்றியிருக்கிறேன். இப்போது ஊரில் எனக்கு உதவ ஒரு வயிறு இல்லை.

சாப்பிடும்போது பரமேஸ்வரி ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "உங்க கடைப்படி ஏறாத வீடு ஒண்ணு இருக்கு."

எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ரசத்தில் உப்பு அதிகம்.

ஜூன் 18

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 19

எனக்கு ஒரு தங்கை உண்டு. வனஜா. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறு ஆளைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். வேறு ஆள் என்றால் நாங்கள் பெண் கொடுக்கவும் மாட்டோம், எடுக்கவும் மாட்டோம், அவர்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கவும் மாட்டோம். அந்த ஆள் மதுரையில் ஏதோ பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். நம் குடும்பத்தில் எவனும் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று அண்ணன் எல்லோரிடமும் வாக்கு வாங்கினார். நானும் கொடுத்தேன். நான் வேறு ஒன்றும் செய்யவில்லை, அவர்களைத் திட்டக்கூட இல்லை. வாக்குக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

பரமேஸ்வரிக்கு வனஜாவின் போன் நம்பர் மனப்பாடமாகத் தெரிகிறது. எப்படி என்று கேட்டேன். "நீங்கதான் வாக்குக் குடுத்தீங்க, நான் குடுக்கலயே" என்றாள். மிருதுளாவுக்குக் காது குத்தியது முதல் எல்லாம் அங்கே தெரியுமாம். பிள்ளை அந்த ஆளை மாமா என்று கூப்பிட்டு வீடியோவில் பேசுவாளாம். என் வீட்டில், என் வைஃபையில்.

ஜூன் 21

வில்லாபுரம் போனோம். வாடகை வீடுதான், ஆனால் சுத்தமாக இருக்கிறது. நான் எதிர்பார்க்கவில்லை.

வனஜா கொஞ்சம் பருத்திருக்கிறாள். நெற்றியோரம் நரைத்திருக்கிறது. வாசலில் என்னைப் பார்த்ததும் கதவை முழுதாகத் திறந்தாள். பிறகு, "வாண்ணே" என்றாள். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

எனக்குத் தாகமில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்துதான் வந்தோம், ஆனாலும் தாகமில்லை. பரமேஸ்வரி அவள் சொம்பைக் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்டாள்.

அந்த ஆள் மைதானத்திலிருந்து வந்தார். கழுத்தில் விசில். பெயர் இன்பராஜ். "வாங்க சார்" என்றார். பரமேஸ்வரியே விஷயத்தைச் சொன்னாள். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பாப்பாவுக்குத்தான? எப்ப வரணும்னு சொல்லுங்க, லீவு போட்டுர்றேன்."

மாத்திரை எடுத்ததுண்டா என்று கேட்டேன்.

வனஜா முந்திக்கொண்டாள். "இந்த வீட்ல டாக்டர் எழுதிக் குடுக்காம ஒரு மாத்திரை உள்ள வராது. என் மகளுக்குக் கைக்குழந்தையில காய்ச்சல் வந்தப்ப, திருமங்கலம் வந்த எதிர்வீட்டுக்காரர்ட்ட சொல்லி உன் கடையில கேக்கச் சொன்னேன். என்ன சொல்லிவிட்ட, ஞாபகம் இருக்கா? ஸ்டாக் இல்லன்னு சொல்லிவிட்ட. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனி எந்த மெடிக்கல் படியும் சும்மா ஏறக்கூடாதுன்னு. கஞ்சி, ஓய்வு, ரொம்ப முடியலன்னா டாக்டரு. இவருக்குக் காய்ச்சல் வந்தே வருசக்கணக்காச்சு."

அப்படி ஒன்று நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை. உண்மையிலேயே ஸ்டாக் இல்லாமல் இருந்திருக்கலாம்.

கிளம்பும்போது வனஜா தொடப்படாமல் இருந்த சொம்பை எடுத்தாள். குரலை உயர்த்தவில்லை. "தண்ணி மட்டும் குடிக்க மாட்ட. அதை வாங்கிட்டுப் போவியாண்ணே?" என்று கேட்டாள்.

நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். காலில்தான் இருந்தது.

ஜூன் 27

எல்லாப் பரிசோதனையிலும் இன்பராஜ் தேறிவிட்டார். ரத்தம், சரக்கு, எடை, எல்லாம். "இப்படி ஒரு சாம்பிள் பாத்து ரொம்ப நாளாச்சு" என்று டாக்டர் ரிஸ்வானா புளகாங்கிதம் அடைந்தார். எனக்கு ஏனோ கொஞ்சம் பொறாமையாக இருந்தது. இப்படியெல்லாம் பொறாமைப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

அண்ணன் போன் செய்தார். ஆள் கிடைத்ததா என்றார். பெங்களூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வருகிறது என்று சொல்லிவிட்டேன்.

"குடும்பம் எப்பிடி? விசாரிச்சியா?"

நல்ல குடும்பம் என்றேன். அது பொய்யில்லை.

ஜூலை 1

செய்கிற நாள் வரைக்கும் வெளிச் சாப்பாடு கூடாது, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், எல்லாம் ஒழுங்காகப் போக வேண்டும் என்று இன்பராஜுக்கு உத்தரவு. மறந்துவிடுவாரோ என்று எனக்குக் கவலை. கடை திறந்ததும் முதல் வேலையாக அவருக்குப் போன் செய்கிறேன்.

"காலைல போனீங்களா?"

"போயிட்டேன் சார்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு சார்."

பன்னிரண்டு வருஷத்தில் அந்த மனிதரின் சவுக்கியத்தை நான் விசாரிப்பது இப்போதுதான். நேற்று முட்டைப்பொரியல் சாப்பிட்டதாகச் சொன்னார். எதற்கு ரிஸ்க், கீரை சாப்பிடுங்கள் என்று சொல்லி வைத்தேன். வனஜா போனைப் பிடுங்கி, "அவரு மாடில்லண்ணே" என்றாள். சிரித்த மாதிரி இருந்தது.

ஜூலை 4

இன்று நடந்தது.

மிருதுளாவின் வயிற்றை நேற்றே மருந்து கொடுத்துச் சுத்தம் செய்துவிட்டார்கள். சோர்ந்து படுத்திருந்தாள். சரக்கு புதிதாக இருக்க வேண்டும் என்பதால் இன்பராஜ் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். நர்ஸ் ஒரு டப்பாவைக் கொடுத்து வராந்தாக் கடைசியில் இருந்த கழிப்பறையைக் காட்டினார்.

அவர் உள்ளே போனார். வெளியே வந்தார். கை விரித்தார்.

"தினம் தானா வரும் சார். இன்னைக்கு இத்தனை பேரு காத்திருக்காங்கன்னு நெனச்சதும் வர மாட்டேங்குது."

மயக்க டாக்டர் தயார், அறை தயார், பிள்ளை தயார், இது தயாரில்லை. காப்பி வாங்கிக் கொடுத்தேன். வெந்நீர் வாங்கிக் கொடுத்தேன். நடந்தால் வரும் என்று யாரோ சொன்னார்கள். இருவரும் ஆஸ்பத்திரி காம்பவுண்டைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். அவர் விளையாட்டு வாத்தியார், அலுங்காமல் நடந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. என்ன பேசுவதென்று தெரியாமல், மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டேன். ஆறாவது என்றார், கைப்பந்து ஆடுகிறாளாம். என் தங்கை மகள் எந்த வகுப்பு என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

மறுபடி உள்ளே போனார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். சத்தமே இல்லை. நர்ஸ் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இந்த மனிதருக்கு வராவிட்டால் என் பிள்ளை இல்லை என்று நினைத்தேன். கதவில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

"மாப்ள," என்றேன். "அவசரமே இல்ல மாப்ள. நிதானமா இருங்க. நான் இங்கயேதான் நிக்கிறேன்."

நர்ஸ் மூன்றாவது தடவை எட்டிப் பார்த்தார். பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. "வந்துருச்சு மச்சான்."

நர்ஸை வரச்சொல்லிக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. டப்பாவை நானே இரண்டு கையாலும் வாங்கி, பால்குடம் தூக்குகிறவன் மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு லேபுக்கு நடந்தேன். எதிரே வந்தவர்கள் வழிவிட்டார்கள். சூடாக இருந்தது. எனக்கு அருவருப்பு வரவில்லை. வரும் என்று நினைத்திருந்தேன்.

மதியம் எல்லாம் நல்லபடி முடிந்தது. இனி காத்திருக்க வேண்டும்.

ஜூலை 12

காய்ச்சல் இல்லை. முதல் பரிசோதனையில் கிருமி குறைந்திருக்கிறதாம். இல்லவே இல்லை என்று சொல்லவில்லை.

கடையில் செட் போடுகிற கவர் தீர்ந்துவிட்டது. புதிதாகச் சொல்ல வேண்டும், மறந்து மறந்து போகிறது. கேட்டு வருகிறவர்களிடம் ஸ்டாக் இல்லை, டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்புகிறேன். யோகாக்காரர் கோபித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு மெடிக்கலுக்குப் போய்விட்டார்.

ஜூலை 20

மிருதுளா பந்து வாங்கித் தரச் சொல்கிறாள். கைப்பந்து. இதற்கு முன்னால் அவளுக்கு விளையாட்டு ஆசையே கிடையாது. டாக்டருக்குப் போன் செய்து, சரக்கோடு சேர்ந்து குணமும் வந்துவிடுமா என்று கேட்டேன். டாக்டர் வெகுநேரம் சிரித்தார். "அவ முதல் தடவையா உடம்பு தேறி எந்திரிச்சு நிக்கிறா சார், அதான்" என்றார்.

பந்து வாங்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 6

அடுத்தடுத்து இரண்டு பரிசோதனையிலும் அந்தக் கிருமி இல்லை. எல்லாக் குழந்தைக்கும் இப்படி நடந்துவிடாது, உங்களுக்கு அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இனிமே இந்த வயித்தைக் கெடுத்துறாதீங்க சார்" என்றார். சரி என்றேன். ஏன் என்னிடம் சொல்கிறார் என்று இந்தத் தடவை நான் யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் 19

ஆபரேஷன் முடிந்தது. பிள்ளை கண் விழித்து இட்லி கேட்டாள். வேறு எழுதத் தெரியவில்லை.

வெளியே பெஞ்சில் மாப்பிள்ளையும் வனஜாவும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் வருகிறார் என்று போன் வந்ததும் நான் சொல்வதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்கள். நானும் போகாதீர்கள் என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 7

குலதெய்வம் கோவிலில் அண்ணன் ஏற்பாட்டில் பொங்கல், கிடா வெட்டு. தேறாமல் வேனில் திரும்பி வந்த அத்தனை பேரும் ஆஜர். மிருதுளா பட்டுப்பாவாடையில் ஓடிக்கொண்டிருந்தாள். என் பிள்ளை ஓடுவதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

பந்திக்கு முன்னால் அண்ணன் மைக்கைப் பிடித்தார். "நம்ம வம்சத்துப் பிள்ளை. எத்தனை சோதனை வந்தாலும் நம்ம சுத்தம் நம்மளக் கைவிடாது" என்று ஆரம்பித்தார். சுத்தத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

மிருதுளா அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "பெரியப்பா, இன்பராஜ் மாமா ஏன் வரல?"

மைக் அணைக்கப்படவில்லை.

"எந்த இன்பராஜு?" என்றார் அண்ணன். அவருக்குத் தெரியும்.

"வனஜா அத்தை வீட்டு மாமா. அவரோடதுதான என் வயித்துக்குள்ள வச்சாங்க. அதனாலதான நல்லாயிட்டேன். அவரு இங்க வரக் கூடாதுன்னு அம்மா சொல்றாங்க. அப்ப நான் மட்டும் எப்படி வந்தேன்?"

கோவிலில் அத்தனை பேர் இருந்தும் பொங்கல் கொதிக்கிற சத்தம் கேட்டது. சகலை இலையைப் பார்த்தார். அண்ணனின் கை மீசைக்குப் போய்ப் பாதியில் நின்றுவிட்டது. என்னிடம் வந்து காதருகில் குனிந்தார். மைக் இன்னும் அவர் கையில் இருப்பதை மறந்துவிட்டார்.

"டேய் ரத்தினம், அதை வெளிய எடுத்துற முடியுமான்னு டாக்டர்ட்ட கேளுடா."

அது நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது.

நான் என்ன பதில் சொன்னேன் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. பரமேஸ்வரி வண்டியில் வரும்போது சொன்னதை எழுதி வைக்கிறேன். நான் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு சொன்னேனாம்: "எடுக்கலாம்ணே. எடுத்துட்டு எதை வைக்கிறது? உன்னோடத வைக்க முடியாது, என்னோடதயும் வைக்க முடியாது. இங்க உக்காந்துருக்குற ஒருத்தரோடதும் ஆகாது. பாத்தாச்சு. இந்தப் பிள்ளை உசுரோட நிக்கிறது எங்க மாப்பிள்ளையால. அவரு வரக் கூடாத எடத்துல எங்களுக்கும் வேலை இல்ல."

நான் அவ்வளவு தெளிவாகப் பேசியிருப்பேனா என்று எனக்குச் சந்தேகம்தான். பரமேஸ்வரி கொஞ்சம் சேர்த்திருப்பாள். ஆனால் பந்தியில் உட்காராமல் மூன்று பேரும் கிளம்பிவிட்டோம் என்பது நிச்சயம், எனக்கு அகோரப் பசி.

நேரே வில்லாபுரம். சொல்லாமல் போய் நின்றோம். மாப்பிள்ளை லுங்கியோடு ஓடிவந்து, "வாங்க மச்சான்" என்றார். மிருதுளா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி, அவர் மகளோடு பந்தைத் தேட ஆரம்பித்துவிட்டாள். வனஜா அடுப்படி வாசலில் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே நின்றாள். அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை.

நான் அன்று உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். சொம்பு வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நானே கேட்டேன்.

"வனஜா, குடிக்கத் தண்ணி குடு."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஸ்டாக் இல்ல" என்றாள்.

நான் எழுந்து போகவில்லை. எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

அவள் உள்ளே போனாள். பானையில் மோந்து ஊற்றும் சத்தம் கேட்டது. தளும்பத் தளும்பச் சொம்பைக் கொண்டுவந்து என் கையிலேயே கொடுத்தாள்.

அண்ணாந்து மொத்தத்தையும் குடித்தேன். பிறகு சாப்பிட்டோம். மீன் குழம்பு. இரண்டு தடவை சோறு வாங்கினேன்.